உங்களுக்குத் தெரியுமா? சேதுச் சீமைச் சேதிகள்!

ராமேஸ்வரத்துக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள்? ஒன்று? மூன்று? மண்டபம் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் ஒரு டீயைக் குடித்துவிட்டு, பாலத்தைப் பார்க்க ஜன்னலோரம் இடம் பிடித்திருப்பீர்கள். கோயில், தீர்த்தம், தரிசனம், திரும்ப ரயில். அவ்வளவுதானே? தலையைக் கொஞ்சம் குனியுங்கள். வாளி வாளியாக ஊற்றப்போகிறேன்!

தோணியிலிருந்து தூக்குப் பாலம் வரை

மண்டபத்தில் ‘தோணித்துறை’ என்றே ஓர் இடம் இருக்கிறது. பாலம் வருவதற்கு முன்னால் ராஜாவோ, சந்நியாசியோ, யாராக இருந்தாலும் மண்டபம் கரையில் தோணி ஏறித்தான் பாம்பன் போக வேண்டும். தோணி போயே போச்சு. பெயர் மட்டும் இன்னும் துறையை விட்டு நகரவில்லை!

முதல் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. நடுவிலிருந்த தூக்குப் பாலத்தைத் திறக்க மோட்டார் கிடையாது. ஆட்கள் நின்று கையால் சுற்றிச் சுற்றித் திறந்தார்கள். ஓராண்டு ஈராண்டு அல்ல, 100 ஆண்டுகளுக்கும் மேல்!

சாலைப் பாலம் எப்போது வந்தது தெரியுமா? 1988 அக்டோபர் 2. அதற்கு முன்னால் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு பஸ்கூடக் கடலைத் தாண்டியதில்லை!

1964 டிசம்பர் 22 இரவு. புயல் அடித்துத் தனுஷ்கோடியே போனது. பாலமும் சிதைந்தது. அதைச் சரிசெய்து மறுபடி ரயில் விட ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளருக்கு எத்தனை நாள் ஆனது? 46 நாள்! அவர்தான் பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய ‘மெட்ரோ மேன்’!

பழைய பாலத்தில் ரயில் நின்றுபோனது 2022 டிசம்பர் 23. புதுப்பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரம் வந்த ரயில்கள் கடலைத் தாண்டவே இல்லை. மூட்டை முடிச்சோடு இக்கரையில் இறங்கிப் பஸ் ஏறினார்கள் பக்தர்கள். பாட்டன் காலத்தில் தோணிக்குக் காத்த மண்டபம், பேரன் காலத்தில் பஸ்ஸுக்குக் காத்தது!

அந்த ஏப்ரல் 6 என்ன நாள்? ராமநவமி! ராமர் பாலம் கட்டிய கடலில், ராமர் பிறந்த நாளில் ஒரு பாலம்!

புதுப்பாலத்தின் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளம். கப்பல் வந்தால் அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக மேலே ஏறும். எவ்வளவு உயரம்? 17 மீட்டர்!

அக்காளும் தங்கச்சியும்

பாம்பனைத் தாண்டினால் அக்காள்மடம். அடுத்து தங்கச்சிமடம். யார் அந்த அக்காள், தங்கச்சி? ராமநாதபுரம் மன்னர் விஜயரகுநாத சேதுபதியின் இரண்டு மகள்கள் என்கிறது ஊர்க்கதை. இருவரும் மணந்தது ஒரே மாப்பிள்ளையை!

அந்த மாப்பிள்ளை செய்த காரியம், கடல் தாண்டும் யாத்திரிகர்களிடம் வரி வாங்கியது. சேதி மாமனார் காதுக்குப் போனது. விதித்த தண்டனை? மரணம்! மகள்கள் இருவரும் கணவனோடு தீயில் இறங்கினார்களாம். அவர்கள் நினைவாக நின்ற மடங்களே இரண்டு ஊர்கள் ஆயின!

‘சேதுபதி’ என்றால் சேதுவுக்கு, அதாவது ராமர் பாலத்துக்கு, காவலர். சேது மார்க்கம் நெடுக யாத்திரிகர்கள் தங்கிச் சாப்பிடச் சத்திரம் சத்திரமாகக் கட்டியவர்கள் இவர்கள். ராமேஸ்வரம் வருகிறவனைத் தொட்டால் சொந்த மருமகனுக்கும் மன்னிப்பில்லை!

1897 ஜனவரி 26. சிகாகோ புகழோடு திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கினார். பாஸ்கர சேதுபதி அவர் வண்டியைத் தானே இழுத்தார். மன்னரே மாடானார்! பின்னாளில் அதே ஜனவரி 26 எந்த நாளானது என்று நான் சொல்லவா வேண்டும்?

22 வாளி

ராமநாதசுவாமி கோயிலுக்குள் மட்டும் 22 தீர்த்தங்கள். ராமர் அம்பறாத்தூணியில் இருந்த அம்புகளும் 22 என்பது ஐதீகம். அம்புக்கு ஒரு தீர்த்தம்!

கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் ஒருவர் ஏறி நிற்பார். கயிறு கட்டிய வாளி சர்ரென்று இறங்கும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் தலையில் தொபீர்! கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்கு ஓட வேண்டும். பிராகாரமெங்கும் சொட்டச் சொட்ட ஈரத்தடம். 22-ஆவது வாளி முடியும்போது உங்கள் உடம்பில் உலர்ந்த இடம் என்று ஒன்று மிஞ்சாது!

கடல் எங்கே இருக்கிறது? கோயில் வாசலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. கிணற்றுத் தண்ணீரோ உப்புக் கரிக்காது! கிணற்றுக்குக் கிணறு ருசி வேறு என்று அடித்துச் சொல்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள்!

கங்கை, யமுனை, கயா. வடக்கே இந்த மூன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டும். இங்கே கோயிலுக்குள் மூன்று கிணறுகள், இதே பெயரில்!

நளன், நீலன், கவயன், கவாட்சன், கந்தமாதனன். யார் இவர்கள்? பாலம் கட்ட வந்த வானரப் படைத் தலைவர்கள். 22-ல் 5 தீர்த்தங்கள் இவர்கள் பெயரில்! கல் சுமந்த குரங்குக்குக் கிணறு வெட்டி நன்றி சொன்ன ஊர் வேறு எது?

மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள். வெளிப் பிராகாரத்தையும் உள் பிராகாரத்தையும் நடந்து முடித்தால் 3,850 அடி. ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும், கோயிலை விட்டு வெளியே வராமலே!

மூலவர் ஒருவர் அல்ல, இருவர்! சீதை மணலில் பிடித்தது ராமலிங்கம். அனுமன் கயிலையிலிருந்து தூக்கி வந்தது விஸ்வலிங்கம். அனுமன் வரத் தாமதமானதால் மணல் லிங்கம் முந்திக்கொண்டது. ஆனால் முதல் பூஜை யாருக்கு? அனுமனின் லிங்கத்துக்கு! அவர் மனம் நோகக் கூடாது என்று ராமரே போட்ட உத்தரவாம்!

பத்ரிநாத், துவாரகை, பூரி, ராமேஸ்வரம். நாட்டின் நான்கு திசைக்கு நான்கு தாமங்கள். மூன்றில் பெருமாள். சிவன் இருப்பது இங்கே மட்டும்! பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் தமிழ்நாட்டில் இருப்பதும் இது ஒன்றே ஒன்று!

தமிழ்ப் பாடல் பெற்ற தலம். அப்பரும் சம்பந்தரும் பாடிய ஊர். கருவறையில் பூஜை செய்யும் குருக்கள்களோ மராட்டிய மரபினர்! தீட்சை வருவது கர்நாடகத்துச் சிருங்கேரியிலிருந்து!

காலில் சங்கிலியோடு ஒரு பெருமாள்! அவர்தான் சேதுமாதவர். பாண்டிய மன்னன் வளர்த்த பெண்ணின் கையைப் பிடித்தார் ஒரு கிழவர். ராஜா கோபத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார். கனவில் வந்து சிரித்தார் கிழவர். பெண் மகாலட்சுமி, கிழவர் சாட்சாத் பெருமாள்!

ஸ்படிக லிங்கம் பார்க்க வேண்டுமா? விடிகாலை 5 மணிக்கே வரிசையில் நில்லுங்கள். தீபத்தைக் காட்டினால் லிங்கத்துக்குள்ளேயே சுடர் தெரியும். எட்டு மணிக்குக் காபி குடித்துவிட்டு நிதானமாக வந்தால் கதவைத்தான் பார்க்கலாம்!

ஒரே ராமர், ஊருக்கு ஒரு கதை

உப்பூர் விநாயகருக்குக் கூரை கிடையாது! வெயில் நேராக மேனியில் விழ வேண்டும். பெயரே வெயிலுகந்த விநாயகர். ராமர் இலங்கைக்குப் புறப்படும் முன் கும்பிட்ட பிள்ளையார் இவர்தானாம்!

தேவிபட்டினத்தில் நவக்கிரகங்கள் கோயிலுக்குள் இல்லை, கடலுக்குள் இருக்கின்றன! ஒன்பது கற்கள். ராமர் பிரதிஷ்டை செய்தது என்பது நம்பிக்கை. அலை ஏறினால் கிரகங்களே முங்கிக் குளிக்கும்!

அங்கே காணிக்கை என்ன? நவதானியம்! நெல், கோதுமை, எள், உளுந்து என ஒன்பது தானியங்களைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்பது சுற்று. பிறகு கடலில் போட்டுவிடுவார்கள். விதைப்பது மனிதன், அறுப்பது மீன்!

திருப்புல்லாணியில் ராமர் நிற்கவில்லை, படுத்திருக்கிறார்! மெத்தை? தர்ப்பைப் புல்! கடலரசன் வழி விடுவான் என்று மூன்று நாள் இப்படியே கிடந்தாராம். புல் அணையானது, புல்லணை ஊரானது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பாடியவர் திருமங்கையாழ்வார்!

அதே ஊரில் பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்களுக்குப் பிரசாதம் பாயசம்! தசரதருக்குப் பிள்ளை கொடுத்ததும் பாயசம்தானே?

ராவணனைக் கொன்ற ராமரைப் பிடித்தது ஒரு தோஷம் அல்ல, மூன்று! பிரம்மஹத்தி தீர்ந்தது ராமேஸ்வரத்தில். வீரஹத்தி வேதாரண்யத்தில். சாயாஹத்தி பட்டீஸ்வரத்தில். அவதார புருஷருக்கே மூன்று ஊர் அலைச்சல், நமக்கு எத்தனை ஊரோ!

தங்கச்சிமடத்துக் கடற்கரையில் வில்லூண்டித் தீர்த்தம். சுற்றிலும் கடல், நடுவே ஒரு கிணறு, உள்ளே நல்ல தண்ணீர்! சீதைக்குத் தாகம் எடுத்ததாம். ராமர் வில்லை ஊன்றினாராம். வில் ஊன்றி, வில்லூண்டி!

1964 புயல் தனுஷ்கோடியில் ஸ்டேஷனை விடவில்லை, தேவாலயத்தை விடவில்லை, வீடுகளை விடவில்லை. வழியில் தன்னந்தனியாக நின்ற கோதண்டராமர் கோயிலை மட்டும் விட்டுவிட்டுப் போனது!

அந்தக் கோயிலில் ஆண்டுதோறும் ஒரு பட்டாபிஷேகம். ராமருக்கா? இல்லை, விபீஷணனுக்கு! முதல் நாள் ராவண சம்ஹாரம், மறுநாள் விபீஷணனுக்கு முடிசூட்டு, மூன்றாம் நாள் ராமலிங்கப் பிரதிஷ்டை. யுத்த காண்டமும் கோயில் வரலாறும் மூன்றே நாளில் முடிந்தன!

வருஷத்துக்கு ஒரு நாள் பச்சை

உத்தரகோசமங்கை நடராஜர் ஆளுயர மரகதம். ஆனால் பச்சை நிறத்தை நீங்கள் பார்க்க முடியாது. வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு! மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் மட்டும் சந்தனத்தைக் களைவார்கள். 32 வகை அபிஷேகம். விடிந்தால் புதுச் சந்தனம். மறுபடி பச்சையைப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? கிட்டத்தட்ட 364!

தாழம்பூ சிவனுக்கு ஆகாது என்பார்கள். பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன பூவாயிற்றே! இங்கே மட்டும் சிவனுக்குத் தாழம்பூ சாத்துகிறார்கள். மன்னிப்புக் கிடைத்த ஊர்!

அதே கோயிலின் யாளி வாயில் ஒரு கல் பந்து. விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. ஒரே கல்லில் யாளியும் பந்தும்!

மழையை நம்பிய மண், முளையை நம்பிய பெண்

ராமநாதபுரத்து விவசாயி மழைக்குக் காத்திருந்து விதைப்பதில்லை. புரட்டாசிப் புழுதியிலேயே நெல்லைத் தூவிவிடுவார்! ஐப்பசி மழை வந்தால் தைப்பொங்கல். இதற்குப் பெயர் புழுதி விதைப்பு. வானத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வேறு யாருக்கு உண்டு?

ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் எவ்வளவு பெரிது? ஊர்க்காரர்கள் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். நாரை பறக்காத கண்மாய் என்பார்கள்! ஒரு மூச்சில் நாரையால் கடக்க முடியாதாம். மடைகள் எத்தனை? 48!

மதுரையில் அழகரை வரவேற்கும் வைகை, நேராகக் கடலுக்கு ஓடுவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் புகுந்துகொள்ளும். மிஞ்சினால்தான் கடலுக்கு! வழியில் பரமக்குடியிலும் சித்திரைக்கு ஓர் அழகர் இறங்குகிறார். ஒரே ஆறு, அழகர் பலர்!

முளைப்பாரி பார்த்திருக்கிறீர்களா? மண் பரப்பிய ஓட்டில் நவதானியத்தைத் தூவி வெயில் படாத இருட்டறையில் வைப்பார்கள். பெண்கள் விரதம் இருந்து தண்ணீர் தெளிப்பார்கள். ராத்திரியில் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். அதனால் இந்தச் சீமையில் இதற்கு முளைக்கொட்டு என்றே பெயர்! வெளியே வரும் பயிர் பச்சையாக இருக்காது. வெயிலே காணாததால் வெளிர் மஞ்சள்!

தலையில் தூக்கி ஊர்வலம் போய்க் கடைசியில் கண்மாயில் கரைப்பார்கள். முளை நெட்டையாக, நெருக்கமாக வளர்ந்திருந்தால் அந்த வருஷம் விளைச்சல் அமோகம்! விதை சோதனைச் சாலைக்கு முன்னாலேயே வந்துவிட்ட சோதனைச் சாலை!

பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இந்தச் சீமையில் கரும்போடு பனங்கிழங்கும் வேண்டும். ஆவணி, புரட்டாசியில் மண்ணுக்குள் போன பனங்கொட்டை, தைக்குக் கிழங்காக எழுந்து வரும்! தண்ணீர் இறைத்தது யார்? யாருமில்லை!

அதே பனை கார்த்திகைக்குச் சொக்கப்பனையாக எரியும். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கித் துணியில் முடிந்து சுற்றினால் மாவளி. பொறி பறக்கும்! பட்டாசு வாசனையே இல்லாத மத்தாப்பு!

இங்கே விளையும் குண்டு மிளகாய்க்குப் பெயர் முண்டு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. சாம்பாருக்கும் இதுதான், திருஷ்டி சுற்றவும் இதுதான்!

மதுரை மல்லிக்கு மயங்காதவர் உண்டா? அந்த மல்லிக்குத் தாய்வீடு எது? தங்கச்சிமடம் பக்கத்து மணலில் பதியன் போட்ட நாற்றுகள்தாம் மதுரைக்கும் மற்ற ஊர்களுக்கும் போகின்றன! மீனாட்சி தலையில் மணப்பது ராமநாதர் மண்!

பூவுக்குத் தாராளம் காட்டும் அதே தீவில் ஏர் பூட்டி உழக் கூடாது என்பது பழைய வழக்கம்! தீவே சிவலிங்கம், அதன்மேல் கலப்பையா? 200 ஆண்டுகளுக்கு முன் வந்த வெள்ளைக்காரப் பயணிகளே இதை ஆச்சரியமாக எழுதி வைத்திருக்கிறார்கள்!

சங்கு போன தூரம்

வரைபடத்தில் ராமேஸ்வரம் தீவைப் பாருங்கள். சங்கு வடிவம்! சங்கு விளையும் கடலில் ஒரு சங்குத் தீவு!

மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்குகள் எங்கே போயின தெரியுமா? வங்காளத்துக்கு! அங்கே கல்யாணப் பெண்ணுக்குச் சங்கு வளையல் போட வேண்டும். கீழக்கரை மூழ்காளி மூச்சைப் பிடித்தால்தான் கல்கத்தா மணப்பெண்ணுக்கு வளையல்!

மீனவர்களுக்கும் ஒரு விரதம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். கடலம்மாவுக்கு விடுமுறை மொத்தம் 61 நாள்!

ராமேஸ்வரத்தில் சீதா ராமர் கல்யாணம். சாமியைக் குளத்தின் நடுவே கொண்டுபோகத் தளம் கட்டிய படகு வேண்டும். ஏற்பாடு செய்தது யார்? ஒரு முஸ்லிம் படகுக் குடும்பம். அந்த வீட்டுப் பையன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம்!

கவசம் தந்த சாமியார்

சண்முக கவசம் படிப்பவர்களா நீங்கள்? மொத்தம் எத்தனை பாடல்? 30. ஏன் 30? உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18. எழுத்துக்கு ஒரு கவசம்! எழுதியவர் பாம்பன் குமரகுருதாச சுவாமிகள்.

அவர் பாடியவை மொத்தம் 6,666!

மண்டபத்துக்கு மேற்கே பிரப்பன்வலசை. அங்கே சுடுகாட்டில் சதுரக் குழி வெட்டி உள்ளே உட்கார்ந்தார் சுவாமிகள். முருகன் வரும்வரை எழ மாட்டேன் என்று பிடிவாதம். எத்தனை நாள்? 35!

தண்ணீர் தாண்டிய தெய்வங்கள்

யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் காசு அடித்தார்கள். அதில் பொறித்த ஒரே சொல் என்ன? ‘சேது’! அக்கரை அரசனின் காசில் இக்கரையின் பெயர்!

மண்டபம் முகாமில் தங்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். கையில் ஒரு மூட்டை, மனசில் ஒரு மாரியம்மன்! இன்று மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் தேரோட்டம். ஒரு தேர் அல்ல, ஐந்து!

கடைசி வாளி

காசிக்குப் போய் வந்துவிட்டேன், யாத்திரை முடிந்தது என்கிறீர்களா? முடியவில்லை! முறைப்படி போனால் தொடங்க வேண்டியது ராமேஸ்வரத்தில். கடலில் முங்கி ஒரு கைப்பிடி மணல் எடுக்க வேண்டும். அதை லிங்கமாகப் பிடித்துப் பூஜை செய்து, துணியில் முடிந்து வடக்கே புறப்பட வேண்டும்.

அந்த மணலைக் கரைக்கும் இடம் பிரயாகை, திரிவேணி சங்கமம். அங்கே கங்கைத் தண்ணீரைச் செம்பில் பிடித்து, காசியைத் தரிசித்து, மறுபடி எங்கே வர வேண்டும்? மண்டபம் தாண்டி ராமேஸ்வரத்துக்கே! அந்தத் தண்ணீர் ராமநாதர் தலையில் விழுந்தால்தான் கணக்குத் தீரும்.

ஆக, ஒரு காசி யாத்திரைக்கு ராமேஸ்வரம் எத்தனை தடவை? இரண்டு!

நம் கடற்கரை மணல் இப்படிக் கைப்பிடி கைப்பிடியாக எத்தனையோ நூற்றாண்டாய்க் கங்கைக்குப் போகிறது. கங்கை செம்பு செம்பாக நம் ஊருக்கு வருகிறது. நடுவே இருப்பது 2,000 கிலோமீட்டருக்கும் மேல்!